எக்கோ நார்மல்னு போட்டிருக்கே, அப்புறம் எதுக்கு ஆஞ்சியோ?

வாசகர் எழுதினது சுருக்கமா: ஈரோடு பக்கம் தறி ஓட்டறவர், வயசு 52, எட்டு வருஷமா சுகர், மெட்ஃபார்மின் சாப்பிடறார். பையன் புடிச்சுத் தள்ளினதுல மாஸ்டர் ஹெல்த் செக்கப் போயிருக்கார். இசிஜி நார்மல், எக்கோ நார்மல், ஈஎஃப் (ஒவ்வொரு துடிப்புக்கும் இதயம் தன்கிட்ட இருக்கற ரத்தத்துல எவ்வளவை வெளிய தள்ளுதுங்கற கணக்கு) 62 சதவீதம். டிரெட்மில்ல மட்டும் பாசிட்டிவ். அங்கயே "நாளைக்கு அட்மிட் ஆகுங்க, ஆஞ்சியோ பாத்து, பிளாக் இருந்தா அப்படியே ஸ்டென்ட் வெச்சுடலாம்"னு சொல்லியிருக்காங்க. இன்னொரு டாக்டர் சிடி ஆஞ்சியோ போதும்ங்கறார். மச்சான் கால்சியம் ஸ்கோர் பாத்தா போதும்ங்கறார். வாட்ஸ்அப் குரூப்ல எம்ஆர்ஐ தான் பெஸ்ட், ரேடியேஷனே இல்லன்னு ஒருத்தர். "எது உண்மை? எனக்கு நெஞ்சுவலி கிடையாது, தறிக் குடோன் மாடி ஏறும்போது மட்டும் நாலு மாசமா மூச்சு வாங்குது, அது வயசுக்கு வர்றது தானே? தைப்பூசத்துக்குப் பழனி நடைப்பயணம் போகலாமா?" கூடவே, மார்புப் புற்றுநோய்க்கு கீமோ எடுக்கற தங்கச்சிக்கு மூணு மாசத்துக்கு ஒரு எக்கோ எதுக்குன்னும் கேட்டிருக்கார்.

வணக்கம்ங்ணா. உங்க லெட்டரை ரெண்டு தடவை படிச்சேன், ரிப்போர்ட் போட்டோவும் பாத்தேன், ஃபிளாஷ் அடிச்சு பாதி எழுத்து வெள்ளையாப் போயிருந்தாலும் வேணும்கறது தெரியுது. நான் ஹார்ட் ஸ்கேன் படிச்சு ரிப்போர்ட் எழுதற ரேடியாலஜிஸ்ட், கத்தி புடிக்கறவ இல்ல, ஸ்டென்ட் வெக்கறவளும் இல்ல, அதனால எந்தப் பக்கமும் எனக்கு லாப நஷ்டம் இல்லன்னு வெச்சுக்கோங்க (சிடி எடுத்தா எங்க டிபார்ட்மெண்ட்டுக்கு வருமானம்தான், அதையும் சொல்லிடறேன்).

நாலு பேர் நாலு டெஸ்ட் சொல்றாங்கன்னு குழம்பியிருக்கீங்க. அந்த நாலும் ஒரே கேள்விக்கு நாலு பதில் இல்லைங்ணா, நாலும் வேற வேற கேள்விக்கான டெஸ்ட். அங்கதான் குழப்பமே.

முதல்ல எக்கோ. எங்க பெரியப்பா ஒருத்தர் இருந்தார், எக்கோ நார்மல்னு வந்ததும் அந்த ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வீட்டுக்கு வர்றவங்களுக்கெல்லாம் காட்டுவார், மாரியம்மன் பண்டிகைக்கு வந்த சொந்தக்காரங்க எல்லாரும் பாத்தாச்சு, ரெண்டு மாசத்துல அட்டாக். எல்லாரும் ரிப்போர்ட் எழுதின டாக்டரைத் திட்டினாங்க, நான் அப்ப காலேஜ், நானும் திட்டினேன். இப்ப சொல்றேன், அந்த ரிப்போர்ட் நூத்துக்கு நூறு சரி. எக்கோங்கறது சத்த அலையை அனுப்பி எதிரொலியை வெச்சு படம் போடறது, 1953ல ஸ்வீடன் லுண்ட் ஊர்ல எட்லர்னு ஒரு டாக்டரும் ஹெர்ட்ஸ்னு ஒரு ஃபிசிக்ஸ்காரரும் கப்பல் கட்டற பட்டறையில இரும்புல விரிசல் பாக்கற மிஷினைக் கடன் வாங்கி ஆரம்பிச்சது. அதுல சதை எப்படிச் சுருங்குது, வால்வு ஒழுகுதா, ரூம் பெருசா ஆயிருக்கா, எல்லாம் அழகாத் தெரியும். தெரியாதது ரத்தக்குழாய். இதயச் சதைக்கே ரத்தம் கொண்டு போற கரோனரி குழாய் மூணு நாலு மில்லிமீட்டர் அகலம், துடிக்கற இதயத்து மேலயே ஒட்டிக்கிட்டு அதுவும் சேந்து குதிக்கும், சாதாரண எக்கோல அதுல அடைப்பு இருக்கா இல்லையான்னு பாக்கவே முடியாது. குழாய் 70 சதவீதம் அடைச்சிருந்தாலும் நீங்க கட்டில்ல படுத்திருக்கும்போது சதைக்கு வேண்டிய ரத்தம் எப்படியோ வந்துரும், சதை நல்லாத்தான் சுருங்கும், ஈஎஃப் 62 தான் வரும்.

உங்க ஊர்ப் பாஷையில சொன்னா, எக்கோ மோட்டார் ஓடுதான்னு பாக்கறது. சிடி ஆஞ்சியோ பைப்பைப் பாக்கறது. டிரெட்மில் மாதிரி ஸ்ட்ரெஸ் டெஸ்ட் எல்லாம் கடைசி வாழை மரத்துக்குத் தண்ணி போய்ச் சேருதான்னு பாக்கறது. மோட்டார் நல்லா ஓடுதுன்னு சர்டிஃபிகேட் வாங்கிட்டு பைப்புக்கும் சேத்து நிம்மதி ஆயிடக்கூடாது.

டிரெட்மில்லுக்கு வருவோம். அதுவும் பைப்பைப் பாக்கல. ஓட வெச்சு இதயத்துக்கு வேலை குடுத்து, இசிஜி கோடு கீழ இறங்குதான்னு பாக்குது, அவ்வளவுதான், நிழலைப் பாத்து ஆளைச் சொல்ற மாதிரி. பிபி இருந்தாலோ, இதயச் சதை தடிச்சிருந்தாலோ, பொம்பளைங்களுக்குச் சும்மாவேயும், பொய்யா பாசிட்டிவ் வர்றது சகஜம். அதனால பாசிட்டிவ்னு ஒரு வார்த்தையைப் பாத்துப் பயந்துடாதீங்க. ஆனா உங்க ரிப்போர்ட்ல அந்த வார்த்தைக்கு மேல ரெண்டு வரி இருக்கு, அதை யாரும் உங்களுக்குப் படிச்சுக் காட்டலன்னு நெனைக்கறேன். ஆறு நிமிஷம் பத்து செகண்ட்ல நிறுத்தியிருக்காங்க, காரணம் மூச்சு வாங்கல். கோடு ஒன்றரை மில்லிமீட்டர் இறங்கியிருக்கு. 52 வயசுக்கு எட்டு ஒன்பது நிமிஷமாவது போயிருக்கணும்னு எதிர்பாப்போம்.

இதோட உங்க லெட்டர்ல நடுவுல போற போக்குல எழுதியிருக்கீங்களே, மாடி ஏறும்போது நாலு மாசமா மூச்சு வாங்குதுன்னு, எனக்கு மொத்த லெட்டர்லயும் அதுதான் பெரிய வரி. அதை வயசு மேல போட்டுட்டீங்க. எட்டு வருஷம் சுகர் இருக்கறவங்களுக்கு நெஞ்சுல இருந்து சேதி கொண்டு போற நரம்பு மந்தமாயிருக்கும், அவங்களுக்கு நெஞ்சுவலி வலியா வராம மூச்சு வாங்கலா, அசதியா, சாப்பிட்டதும் நெஞ்சு கரிக்கற மாதிரியா வேஷம் போட்டு வரும். அப்படின்னா உங்களை "தொந்தரவு இல்லாதவர்"னு நான் எடுத்துக்க மாட்டேன். நம்ம ஆளுங்களுக்கு இது சீக்கிரமே வேற வருது, 52 நாட்டுல ஆளுங்களைப் பாத்து 2004ல வெளிவந்த இன்டர்ஹார்ட் ஆய்வுல தெற்காசியாக்காரங்களுக்கு முதல் அட்டாக் வர்ற நடு வயசு 53, மத்த நாட்டுக்காரங்களுக்கு 59 கிட்ட.

இப்ப மச்சான் சொன்ன கால்சியம் ஸ்கோர். அந்த டெஸ்ட் தப்பு இல்ல, அது வேண்டிய ஆள் நீங்க இல்ல. உங்க பக்கம் போர் தண்ணில உப்பு ஜாஸ்தி, பைப்பை வெட்டிப் பாத்தா உள்ள வெள்ளையாப் படிஞ்சிருக்குமே, அதே மாதிரி ரத்தக்குழாய் சுவத்துல கொழுப்பு படிஞ்சு பழசாகப் பழசாக சுண்ணாம்பு சேரும். சிடில அது பளீர்னு வெள்ளையா தெரியும், ஊசி வேண்டாம், மருந்து வேண்டாம், ஒரு மூச்சு புடிச்சா முடிஞ்சது. எவ்வளவு வெள்ளை, எவ்வளவு பரப்புன்னு கணக்குப் போட்டு நம்பர் குடுக்கற முறையை 1990ல அகாட்ஸ்டன்னு ஒரு அமெரிக்க டாக்டர் கொண்டு வந்தார், இன்னைக்கும் அவர் பேர்லதான் ரிப்போர்ட் வரும். பூஜ்ஜியம்னா நல்லது, 100க்கு மேல போனா கொழுப்பு மாத்திரையைத் தள்ளிப் போடாதீங்கன்னு அர்த்தம், 400க்கு மேல போனா நல்லாவே படிஞ்சிருக்குன்னு அர்த்தம். ஆனா இது எந்தத் தொந்தரவும் இல்லாத ஆள், மாத்திரை ஆரம்பிக்கலாமா வேண்டாமான்னு யோசிக்கறப்ப முடிவெடுக்கறதுக்கு. பைப்புல படிஞ்ச உப்பு தெரியும், புதுசா ஒட்டின சேறு தெரியாது. சுண்ணாம்பு சேராத மெத்துனு இருக்கற கொழுப்புத் திட்டு ஸ்கோர்ல பூஜ்ஜியம்தான் காட்டும், அதுதான் சமயத்துல வெடிச்சு ரத்தம் உறைஞ்சு அட்டாக் ஆகறது. மூச்சு வாங்கிக்கிட்டு, டிரெட்மில்லும் பாசிட்டிவா இருக்கற ஆளு ஸ்கோர் பூஜ்ஜியம்னு வீட்டுக்குப் போறது சரிப்படாது. (இன்னொண்ணு, ஸ்டேட்டின்ங்கற கொழுப்பு மாத்திரை சாப்பிட ஆரம்பிச்சதும் அந்த மெத்துத் திட்டு கெட்டியாகி ஸ்கோர் கொஞ்சம் ஏறும், அது நல்லதுக்குத்தான், வருஷா வருஷம் ஸ்கோர் எடுத்து ஏறிப்போச்சேன்னு அழறவங்களை நான் நிறையப் பாத்திருக்கேன்.)

எம்ஆர்ஐ பத்தி. ரேடியேஷன் இல்லங்கறது நிஜம். ஆனா கரோனரி குழாயைப் பாக்கறதுக்கு இன்னைக்கும் சிடி பக்கத்துல நிக்காது. அது சதையைப் பாக்கறதுக்கான டெஸ்ட். பழைய அட்டாக்ல எவ்வளவு சதை செத்துப்போச்சு, எவ்வளவு உசுரோட இருக்கு, வைரஸ் காய்ச்சலுக்கு அப்புறம் இதயச் சதை வீங்கியிருக்கா, பரம்பரையா சதை தடிக்கற வியாதியா, இதெல்லாம் சொல்றதுல அதை அடிச்சுக்க ஆள் இல்ல. கடோலினியம் மருந்து போட்டு பத்து நிமிஷம் கழிச்சுப் பாத்தா செத்த சதை வெள்ளையா மின்னும், நல்ல சதை கருப்பா இருக்கும். தலசீமியா குழந்தைங்களுக்கு ரத்தம் ஏத்தி ஏத்தி இதயத்துல இரும்பு எவ்வளவு படிஞ்சிருக்குன்னு கூட அளந்து சொல்லும், அந்த ஒரு அளவை வெச்சு சரியான நேரத்துல மருந்தைக் கூட்டினதால பொழச்ச புள்ளைங்க நிறைய. அது வேற கதை. உங்களுக்கு இப்ப குழாயைப் பாக்கணும், அதுக்கு முக்கால் மணி நேரம் குகைக்குள்ள படுக்க வேண்டியதில்ல.

அப்ப மிச்சம் இருக்கறது சிடி ஆஞ்சியோ, இல்ல கை வழியாவோ தொடை வழியாவோ டியூப் விட்டுப் பாக்கற ஆஞ்சியோ. இந்த டியூப் ஆஞ்சியோ பொறந்ததே ஒரு விபத்து, 1958ல அமெரிக்கா கிளீவ்லேண்ட்ல மேசன் சோன்ஸ்ங்கற டாக்டர் வேற இடத்துல மருந்து அடிக்கப் போய் டியூப் நழுவி நேரா கரோனரிக்குள்ளயே அடிச்சுட்டார், இதயம் சில செகண்ட் நின்னே போச்சு, இருமுங்க இருமுங்கன்னு கத்தி அந்த ஆளை இரும வெச்சதுல திரும்ப ஓடுச்சு. குழாய்க்குள்ள நேரா மருந்து போட்டாலும் ஆள் தாங்கறார்னு அன்னைக்குத்தான் தெரிஞ்சுது. இன்னைக்கு அது ரொம்பப் பாதுகாப்பான டெஸ்ட்தான், ஆனாலும் குழாய்க்குள்ள ஒரு கம்பி போகுது, ஆயிரத்துல ஒருத்தருக்கு ரெண்டு பேருக்கு ஏதாவது பெருசா ஆகலாம். உக்காந்திருக்கும்போதே வலி வருது, ராத்திரி தூக்கத்துல மூச்சு முட்டி எழுந்துக்கறாங்க, இசிஜி மாறுது, ரத்தத்துல ட்ரோபோனின் (இதயச் சதை அடிபட்டா வர்ற புரதம்) ஏறுதுன்னா நான் சிடி பக்கமே அனுப்ப மாட்டேன், நேரா அதுதான், ஒரு மணி நேரம் கூட வீணாக்கக் கூடாது. உங்களுக்கு இப்ப அப்படி இல்ல.

மாடி ஏறினா மட்டும் வருது, உக்காந்தா போயிடுது, நாலு மாசமா ஒரே மாதிரி இருக்கு. இந்த மாதிரி ஆளுக்கு சிடியை முன்னால வெக்கலாம்ங்கறதுக்கு நல்ல ஆதாரம் இருக்குங்ணா. ஸ்காட்லாந்துல ஸ்காட்-ஹார்ட்னு ஒரு ஆய்வு, நெஞ்சுவலின்னு வந்த 4,146 பேரைப் பாதிப் பாதியாப் பிரிச்சு ஒரு பாதிக்கு வழக்கமான வைத்தியம், ஒரு பாதிக்கு அதோட சிடி ஆஞ்சியோ. அஞ்சு வருஷம் கழிச்சு 2018ல ரிசல்ட்: இதய நோயால சாவு, இல்ல அட்டாக், சிடி எடுத்தவங்கள்ல 2.3 சதவீதம், எடுக்காதவங்கள்ல 3.9. இதுல எனக்குப் புடிச்சது என்னன்னா, சிடி எடுத்தவங்களுக்கு ஜாஸ்தி ஸ்டென்ட் வெச்சதால இது வரல, அஞ்சு வருஷக் கணக்குல ஸ்டென்டும் பைபாஸும் ரெண்டு பக்கமும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். குழாய்ல திட்டு இருக்கறதைக் கண்ணால பாத்த டாக்டரும் பேஷண்ட்டும் மாத்திரையை ஒழுங்கா ஆரம்பிச்சாங்க, அதான் வித்தியாசம். 30 சதவீத அடைப்பு டிரெட்மில்ல தெரியாது, சிடில தெரியும், அந்த 30 தான் நாளைக்கு வெடிக்கற ஆளா இருக்கும்.

சிடிக்குப் போனா என்ன நடக்கும்னு சொல்லிடறேன், ஏன்னா பாதிப் பேர் டேபிள்ல படுத்தப்புறம்தான் பயப்படறாங்க. உங்க நாடி 78 இருக்கு, அதை 60 பக்கம் கொண்டு வர முன்னாடி மெட்டோபிரலால் மாதிரி ஒரு மாத்திரை குடுப்பாங்க, ஆஸ்துமா இருந்தா கட்டாயம் சொல்லுங்க. துடிப்புக்குத் துடிப்பு நடுவுல இதயம் ஒரு நொடிக்கும் கம்மியா அசையாம இருக்கும், அந்த இடைவெளியிலதான் நாங்க படம் புடிக்கறோம், வேகமா துடிச்சா அந்த இடைவெளியே கெடைக்காது, குழாய் ரெண்டு ரெண்டாத் தெரியும், நான் உக்காந்து தலையைப் பிச்சுக்கணும். நாக்குக்கு அடியில ஒரு ஸ்ப்ரே அடிப்பாங்க, குழாய் விரியறதுக்கு. இந்த இடத்துல ஒண்ணு: தாம்பத்தியத்துக்குன்னு நீல மாத்திரை அந்த மாதிரி ஏதாவது சாப்பிட்டிருந்தா வெக்கப்படாம முன்னாடியே சொல்லிடுங்க, அதும் இந்த ஸ்ப்ரேயும் சேந்தா பிபி தடால்னு விழும். அப்புறம் கையில ஊசி வழியா அயோடின் மருந்து ஏறும், தொண்டையில இருந்து அடிவயிறு வரைக்கும் சூடாப் பரவும், ஒண்ணுக்குப் போயிட்ட மாதிரியே இருக்கும், போயிருக்க மாட்டீங்க. பத்து செகண்ட் மூச்சு. அவ்வளவுதான். உங்க கிரியேட்டினின் 1.0, அதனால கிட்னிக்குப் பயம் இல்ல, மெட்ஃபார்மினை அன்னைக்கு நிறுத்தணுமா வேண்டாமான்னு ஒவ்வொரு சென்டரும் ஒரு மாதிரி சொல்வாங்க, அவங்க சொல்றபடி கேளுங்க, சுகர் டாக்டர்கிட்டயும் ஒரு வார்த்தை. ரேடியேஷன் பத்திக் கேட்டீங்க, நல்ல மிஷின்ல 2ல இருந்து 5 மில்லிசீவர்ட், நாம சும்மா இருந்தாலே மண்ணுல இருந்தும் வானத்துல இருந்தும் வருஷத்துக்கு 2, 3 வாங்கிட்டுத்தான் இருக்கோம். ஒரு தடவை எடுக்கறதுக்கு யோசிக்க வேண்டாம், பேக்கேஜ் ஆஃபர்னு வருஷா வருஷம் எடுக்கறதுக்குத்தான் யோசிக்கணும்.

விளம்பரத்துல "ஏஐ ஹார்ட் ஸ்கேன்"னு போட்டிருக்காங்க, அது வேணுமான்னும் கேட்டிருந்தீங்க. நிஜமாவே புதுசா வந்ததுல எனக்கு ரெண்டு புடிக்கும். ஒண்ணு, சிடி படத்தை வெச்சே கம்ப்யூட்டர்ல ரத்த ஓட்டத்தைக் கணக்குப் போட்டு இந்த அடைப்பு தண்ணியை நிஜமாவே தடுக்குதான்னு சொல்றது, 2014லயே அமெரிக்காவுல அனுமதி கெடைச்சது, 60 சதவீதம்னு வந்து முழிக்கற நேரத்துல உதவும். இன்னொண்ணு, 2021ல வந்த போட்டான் கவுண்டிங் சிடி, சுண்ணாம்பு நிறைய இருந்தா சாதாரண சிடில அது பூதாகரமா வீங்கித் தெரிஞ்சு உள்ள வழி இருக்கா இல்லையான்னே தெரியாது, சின்ன ஸ்டென்டுக்குள்ளயும் அதே கதை, இந்த மிஷின்ல அது ரொம்பத் தெளிவு. உங்களுக்கு முதல் தடவைக்கு இது எதுவும் வேண்டாம். 64 ஸ்லைஸோ அதுக்கு மேலயோ இருக்கற, இதய சிடி தினமும் எடுக்கற இடமாப் பாருங்க. மிஷின் பேரை விட படிக்கற ஆள் முக்கியம் (எங்க ஆளுங்களை நானே புகழ்ந்துக்கறேன், போகட்டும்).

ரிசல்ட் வந்தப்புறம் என்ன ஆகும்? குழாய் சுத்தமா இருந்தா மூச்சு வாங்கலுக்கு நுரையீரல், ரத்தசோகை, தைராய்டுன்னு வேற பக்கம் தேடணும், தறிப் பஞ்சுல முப்பது வருஷம் இருந்தவருக்கு அதுவும் பாக்க வேண்டியதுதான். லேசான திட்டுன்னா ஸ்டேட்டினும் சுகர் கண்ட்ரோலும். இடது பக்க மெயின் குழாய்ல பாதிக்கு மேல அடைப்புன்னா அப்ப டியூப் ஆஞ்சியோ உடனே, பேச்சே கிடையாது. நடுவுல ஒரு குழாய்ல 70, 80ன்னு வந்தா மட்டும் கொஞ்சம் நிதானிங்க. ஸ்டென்ட் வெச்சாத்தான் பொழைப்போம்னு ஒரு பயம் காட்டுவாங்க. இஸ்கீமியான்னு ஒரு பெரிய ஆய்வு, 5,179 பேர், 2020ல வந்தது, உங்களை மாதிரி நிலையா இருக்கற ஆளுங்களுக்கு முதல்லயே ஸ்டென்ட், பைபாஸ்னு போனவங்களுக்கும், மாத்திரையோட ஆரம்பிச்சவங்களுக்கும் அட்டாக்லயும் சாவுலயும் பெரிய வித்தியாசம் இல்ல. தொந்தரவு குறையறதுல ஸ்டென்ட் நல்லா உதவுது, அதை மறுக்கல. ஆனா அந்த முடிவை டேபிள்ல மல்லாந்து படுத்துக்கிட்டு பாதி மயக்கத்துல எடுக்க வேண்டாம், "அப்படியே வெச்சுடலாம்"ங்கற வார்த்தைக்கு முன்கூட்டியே கையெழுத்துப் போட வேண்டாம்னுதான் சொல்றேன்.

தங்கச்சிக்கு வருவோம். அவங்களுக்கு ஏறின செவப்பு கலர் கீமோ மருந்து சில பேருக்கு இதயச் சதையைப் பாதிக்கும், இப்ப போடற டிராஸ்டுசுமாப்ங்கற புற்றுநோய் மருந்தும் அப்படித்தான், பாதிப்பு ஆரம்பத்துல தெரிஞ்சா மாத்திரை குடுத்துச் சரி பண்ணிட்டே கீமோவைத் தொடரலாம், லேட்டாத் தெரிஞ்சா கீமோவையே நிறுத்த வேண்டி வரும். அதுக்குத்தான் மூணு மாசத்துக்கு ஒண்ணு. ஈஎஃப் 65ல இருந்து 60 ஆயிடுச்சுன்னு அழுதாங்கன்னு எழுதியிருக்கீங்க, அழ வேண்டாம்னு சொல்லுங்க, ஒரே ஆளுக்கு ஒரே நாள்ல ரெண்டு பேர் எடுத்தாலே அஞ்சு புள்ளி ஏறி இறங்கும். ஈஎஃப் இறங்கறதுக்கு முன்னாடியே சதை நீளவாக்குல எவ்வளவு சுருங்குதுங்கற கணக்கு குறைய ஆரம்பிக்கும், ஸ்ட்ரெயின்னு ரிப்போர்ட்ல மைனஸ் 20, மைனஸ் 18னு வரும், அதைப் போடச் சொல்லிக் கேளுங்க. மொதல்ல இருந்த அளவுல இருந்து 15 சதவீதத்துக்கு மேல குறைஞ்சா டாக்டர்கிட்ட பேசணும். ஒவ்வொரு கம்பெனி மிஷினும் ஒரு நம்பர் காட்டும்ங்கறதால முடிஞ்ச வரைக்கும் ஒரே இடத்துல, ஒரே மிஷின்ல எடுங்க, இந்த மாசம் அங்க சீப்பா இருக்குன்னு மாத்தி மாத்தி எடுத்தா ஒப்பிடவே முடியாது.

பழனி. ஈரோட்டுல இருந்து நடந்து, அப்புறம் 693 படி. சிடி எடுத்து ரிசல்ட் வர்ற வரைக்கும் வேண்டாம்ங்ணா, மாடிக்கே மூச்சு வாங்குது. தைப்பூசத்துக்கு இன்னும் அஞ்சு வாரம் இருக்கு, இந்த வாரமே டேட் வாங்கினா முடிவு தெரிஞ்சுடும், நல்லபடியா வந்தா நடங்க, இல்லன்னா பஸ்ல போயி விஞ்ச்ல ஏறிக்கோங்க, காவடியைப் பையன் தூக்கட்டும், செக்கப்புக்குத் தள்ளினவர் அவர்தானே. நடுவுல எப்பவாவது உக்காந்திருக்கும்போதே நெஞ்சு அழுத்தினாலோ, வேர்த்துக் கொட்டினாலோ, தாடை இல்ல இடது கை இழுத்தாலோ, எனக்கு எழுதிக்கிட்டு இருக்காதீங்க, 108க்குப் போன் அடிங்க.

சிடி எடுத்ததும் பிலிமோட நிறுத்திக்காம படம் இருக்கற டிஸ்க்கைக் கேட்டு வாங்குங்க, அடுத்த டாக்டர் திரும்ப எடுக்கச் சொல்லாம இருப்பார். எனக்கு அனுப்பறப்ப கடைசிப் பக்கம் மட்டும் இல்லாம முழு ரிப்போர்ட்டையும் அனுப்புங்க. ஃபிளாஷ் இல்லாம.